கடல் தெரியும் அறைக்கு எட்டுநூறு கூடுதல்

கன்டெய்னர் எண்ணும் தாளின் பின்பக்கம்
கோடு போட்டு எழுதத் தொடங்கினேன்.
சனிக்கிழமை மதியம் கிளம்புவது.
காசிமேட்டிலிருந்து பூங்காவுக்கு
நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
துறைமுக வாசலில் டிரெய்லர்கள் நின்றுவிட்டால்
முதல் மூன்றுக்கே ஒரு மணி நேரம்.

"அதே மெட்ராஸு தானே மச்சான்,
இதுக்குப் போய் ரூமா?" என்றான் சவரிராயன்.
அதே மெட்ராஸ்தான்.
மேப்பைக் கையில் வைத்துப் பார்த்தால்
எங்கள் பக்கம் கட்டைவிரலுக்குக் கீழே மறைந்துவிடும்.

அமலோற்பவம் அன்னக்கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.
"கேட்டு எத்தினி மணிக்குத் தொறப்பான்?"
பத்து.
"அப்போ ஒம்போதே காலுக்கு அங்க நிக்கணும்.
மொதல்ல பூர்றவளுக்குத்தான் வஞ்சிரம்,
பின்னால வர்றவளுக்குக் காரப்பொடி."

பெரிய ராட்டினம் முதலில்.
தண்ணீர்ச் சறுக்கு வெயில் ஏறிய பிறகு.
ரோலர் கோஸ்டர் ஒன்றரைக்கு,
ஊரே சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது.
அவள் சொன்னாள், நான் எழுதினேன்.
அந்தப் பூங்காவை போஸ்டரில்தான் பார்த்திருக்கிறாள்.
ஆனால் பத்தொன்பது வருடமாக
இரவு இரண்டரைக்கு எழுந்து போய்
எந்த லாஞ்ச் எந்த இடத்தில் ஒதுங்கும் என்று
இருட்டில் முன்கூட்டியே நிற்பவள்.

ஓட்டலுக்குப் போன் போட்டேன்.
உள்ளே விட இரண்டு மணி, வெளியேற பதினொன்று.
பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் இலவசம்.
டெனிஷுக்குப் பன்னிரண்டும் இரண்டு மாதமும்.
"பதினொண்ணுன்னு சொல்லுப்பா" என்றாள் ரெக்ஸி.
அவன் இன்னும் முளைக்காத மீசையைத் தடவிக்கொண்டான்.
கூடுதல் மெத்தை அறுநூறு என்று எழுதினேன்.

கடல் தெரியும் அறை வேண்டுமா சார்,
எட்டுநூறு அதிகம் ஆகும்.
ஸ்பீக்கரில் கேட்டுவிட்டாள்.
அவள் சிரித்த சிரிப்பில்
போனின் அந்தப் பக்கமும் சிரித்தது.
"கடலைப் பாக்க எட்டுநூறா!
சொவரு தெரியற ரூமு இருக்கான்னு கேளு."
இருந்தது. கார் நிறுத்தும் பக்கம்.

வெள்ளி இரவு எலுமிச்சை மூடி தேய்த்தாள்,
பிறகு காப்பித்தூள்,
பிறகு பிள்ளைகளின் பற்பசை.
விரல்களை என் மூக்கருகே நீட்டி
"வருதா?" என்றாள்.
வரவில்லை என்றேன்.
வந்தது.
சாவி வாங்கும்போது கையை
முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்;
கவுன்டரில் இருந்த பெண்ணோ
எங்கள் ஆதாரையே நிமிர்ந்து பார்க்கவில்லை.

திட்டத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று.
ஓட்டல் எதற்கு என்று அவளிடம் கேட்டபோது
"ஆறு மணி வரிக்கும் தூங்கிப் பாக்கணும்,
அதுக்கு" என்றிருந்தாள்.

இரண்டரைக்குக் கட்டில் அசைந்தது.
செருப்பைக் கால் தேடியது.
கதவுவரை போனவள்
குளிர்ந்த பிடியில் கைவைத்து நின்றாள்.
ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.
திரும்பி வந்தாள்.
போர்வையைக் கழுத்துவரை இழுத்து
யாரிடமோ கோபித்துக்கொண்டவள்போல
கண்ணை இறுக்கி மூடினாள்.

எழுந்தபோது ஒன்பது ஐம்பது.

வஞ்சிரமெல்லாம் போயிருந்தது.
ராட்டினத்துக்கு ஒன்றரை மணி நேரம் நின்றோம்.
கோஸ்டர் ரிப்பேர்.
டெனிஷ் சறுக்கில் நாலு முறை, ரெக்ஸி ஒரு முறை.
அமலோற்பவம் நிழலில் உட்கார்ந்து
ஒரு தட்டு மீன் வறுவலின் விலையைப் படித்துவிட்டு
வாயில் கைவைத்தாள்.
முகம் மட்டும் தூக்கத்தில் உப்பி
நல்ல வெளிச்சமாக இருந்தது.

அறைக் கதவில் தொங்கிய அட்டையை
டெனிஷ் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.
தொந்தரவு செய்யாதீர்.
ஞாயிறு இரவு எங்கள் தாழ்ப்பாளில் மாட்டினான்.

திங்கள் இரண்டரைக்கு
அதைக் கழற்றி டிவிமேல் வைத்துவிட்டு
கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.